சடையன் வீட்டு நெருப்பு

உபதேசியார்களாக மலைக்குப் புதிதாக ஏறப்போகிற உங்களிடம் நான் எதைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று ஒருவர் கேட்டார். பொறாமையைப் பற்றி என்றேன். கேட்டவர் முகம் சற்றுச் சுருங்கியது. மலைக்காய்ச்சல், காட்டுப்பாதை, பசி, ஊராரின் எதிர்ப்பு, இவற்றைப் பற்றி உங்களுக்கு ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். அவை வெளியிலிருந்து வருபவை, வரும்போதே தெரிந்துவிடும். சபைக்குள் ஒருவரைப் பார்த்து இன்னொருவருக்கு வயிறு எரிவது அப்படித் தெரியாது. வழக்கமாக முன்னால் உட்காருகிறவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவோரம் உட்கார்ந்திருப்பார். அவ்வளவுதான் அடையாளம். அதைக் கவனிக்காத உபதேசியார் இரண்டு மாதத்தில் ஒரு குடும்பத்தை இழப்பார்.

உபதேசியார் வேலைக்கு வருமுன் நான் சேலத்தில் ஒரு வாரப் பத்திரிகையில் இருந்தேன். கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் கலக்காதே என்பதுதான் ஆசிரியர் எனக்குக் கற்றுக்கொடுத்தது. இதைச் சொல்லும்போதும் அந்த ஒழுங்கைக் காப்பாற்றப் பார்க்கிறேன்.

இரண்டாம் உலகப் போருக்குச் சில ஆண்டுகள் முந்தைய காலம். குண்டூர் நாட்டின் ஓரத்தில், சரிவு முடிகிற இடத்தில், சடையன் என்று ஒருவர் இருந்தார். அந்த நாட்டில் முதன்முதலில் ஞானஸ்நானம் பெற்றவர். தாவீது என்று பெயர் வைத்தோம். மலையில் ஒருவரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை, அவர் மனைவி உட்பட. கொல்லிமலையில் நாடு என்றால் பல சிற்றூர்கள் சேர்ந்த ஒரு கட்டு. அதற்குக் கவுண்டர்கள் உண்டு, கூட்டம் உண்டு, தீர்ப்பு உண்டு. சடையனை நாடு தள்ளிவைத்தது. தள்ளிவைத்தால் அந்த வீட்டுக்கு யாரும் தண்ணீர் கொடுக்கமாட்டார்கள், பெண் கொடுக்கமாட்டார்கள், எடுக்கமாட்டார்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், நெருப்புக் கொடுக்கமாட்டார்கள். அடுப்பு அணைந்தால் பக்கத்து வீட்டுக்கு ஓட்டாஞ்சில்லோடு போய்க் கங்கு வாங்கி வருவது அங்கே வழக்கம். அது கிடைக்காது என்றால் அந்த வீடு ஊரில் இல்லை என்று பொருள்.

சடையனின் மனைவி வெள்ளையம்மா அரியூர் நாட்டுப் பெண். பள்ளத்து வயல்களுக்கு எதிர்ப்பக்கம், பார்த்தால் தெரிகிற தூரத்தில், அவளுடைய அண்ணன் பெரியண்ணனின் ஊர். தள்ளிவைத்த முதல் மழைக்காலத்தில் அடுப்பு அணைந்துபோய், அவள் அண்ணன் வீட்டுக்கு நெருப்புக் கேட்டுப் போனாள். பெரியண்ணன் வாசலை விட்டு நகரவில்லை. நெருப்பு இல்லை என்றான். தண்ணீராவது கொடு என்றாள். ஒரு சொம்பில் கொண்டுவந்தான். கையில் கொடுக்காமல் வாசலில், கீழே வைத்துவிட்டுப் பின்னால் தள்ளி நின்றான். அவள் குடிக்காமல் திரும்பி வந்தாள். இது நான் பார்த்ததல்ல. ஆனால் வெள்ளையம்மா இதை எத்தனையோ முறை சொல்லி, ஒரு முறைகூட ஒரு சொல் மாறியதில்லை.

அன்று அவர்களுக்கு நெருப்புக் கொடுத்தவர் எனக்கு மேலிருந்த உபதேசியார். பெயர் வேண்டாம், பெரிய உபதேசியார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒல்லியான மனிதர், மூக்குப்பொடி போடுவார், கோபம் சீக்கிரம் வரும். மிஷன் வீட்டுச் சமையல்கட்டிலிருந்து கங்கை எடுத்து, ஒரு சட்டியில் சாம்பல் மூடி, சரிவு முழுவதும் தூக்கிக்கொண்டு போய்ச் சடையன் அடுப்பில் வைத்தார். அதற்குப் பிறகு அந்த அடுப்பு அணையவில்லை. வெள்ளையம்மா அணையவிடவில்லை. பின்னால் குண்டூர் நாட்டில் ஞானஸ்நானம் பெற்ற மற்றச் சில வீடுகளும் நெருப்பை அங்கிருந்துதான் எடுத்துப்போயின. ஞானஸ்நானத்தன்று காலையில் பழைய அடுப்பை அணைத்துக் கழுவிவிட்டு, சடையன் வீட்டுக் கங்கால் மூட்டுவது என்பது எங்கள் சபையின் வழக்கமாகவே ஆகிவிட்டது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத வழக்கம். மிஷனை நடத்திய வெள்ளைக்காரத் துரைக்குக்கூட முதலில் தெரியாது.

ஆராதனைக்கு அழைக்கும் மணியாக ஒரு தண்டவாளத் துண்டு, சடையன் வீட்டுப் பலாமரத்தில் தொங்கியது. அதை அடிப்பது அவர் உரிமை. துரை மேலே வரும்போது மடக்கு நாற்காலி போடுவதும் அந்த மரத்தடியில்தான். நாடு தள்ளிவைத்த மனிதருக்கு அவ்வளவுதான் இருந்தது: ஒரு தண்டவாளம், ஒரு நாற்காலியின் நிழல், நெருப்பு.

பிறகு ஒரு வருஷம் அரியூர் நாட்டில் காய்ச்சல் பரவியது. எங்கள் மிஷன் நர்ஸ் பெரியண்ணனின் ஊரில் தங்கி வைத்தியம் பார்த்தாள். பெரியண்ணனின் கடைசிக் குழந்தைகள் இரண்டும் பிழைத்தன. காய்ச்சல் தணிந்ததும், பெரியண்ணன் ஊரையே கூட்டிக்கொண்டு வந்து ஞானஸ்நானம் கேட்டான். ஓர் ஊரே சேர்ந்து வந்ததால் அரியூர் நாடு தள்ளிவைக்கவில்லை. தள்ளினால் வயலுக்குத் தண்ணீர் திருப்ப ஆள் இருக்காது. பெரியண்ணனின் ஆட்கள் ஒரு சொம்புத் தண்ணீரைக்கூட இழக்கவில்லை. எல்லோரும் பழையபடி பேளுக்குறிச்சிச் சந்தைக்கு மிளகு மூட்டையோடு இறங்கினார்கள், எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

எங்கள் வேலையில் இப்படி ஒரு வெற்றி வந்தது அதுவே முதல் தடவை. துரைக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. நாற்காலி அரியூர்ப் பக்கம் போனது. அங்கே ஆட்கள் அதிகம் என்று தண்டவாளத் துண்டையும் கழற்றிக்கொண்டு போனார்கள். தூக்கிப்போனவர்கள் பெரியண்ணனின் ஆட்கள். சடையன் பலாமரத்தில் கயிறு மட்டும் மிச்சம் தொங்கியது. அவர் அதை அவிழ்க்கவில்லை. போகும்போதும் வரும்போதும் நாங்கள் பார்க்க வேண்டும் என்றே விட்டிருந்தார் என்பது என் எண்ணம்.

"என்ன மாமா, மணிய எடுத்துட்டுப் போயிட்டாங்களா?" என்று வழியில் ஒருவன் கேட்டானாம்.

"அவங்களுக்குக் காது மந்தம், அதான் கிட்டக்க வெச்சுக்கறாங்க" என்றாராம் சடையன்.

ஞானஸ்நானத்துக்கு முந்தின ஞாயிறு, ஆயத்தக் கூட்டம் அரியூரில் ஒரு பெரிய கொட்டகைக்குள் நடந்தது. சேலத்திலிருந்து ஒரு பிரசங்கியார் வந்திருந்தார். கம்பீரமான குரல், மைதானமாக இருந்தாலும் கடைசி ஆள்வரை கேட்கும். எங்கள் பெரிய உபதேசியாருக்கு அந்தக் குரலின்மேல் பொறாமை உண்டு. அவர் பேசும்போது இவர் மூக்குப்பொடி இரண்டு மடங்கு போடுவார்.

பிரசங்கியார் எடுத்துக்கொண்டது இஸ்ரவேலர், அதாவது யூதர் விஷயம். கடவுள் முதலில் அழைத்தது அந்த ஜனத்தை. வாக்குத்தத்தம், நியாயப்பிரமாணம், தீர்க்கதரிசிகள் எல்லாம் அவர்களுக்கே வந்தன. ஆனால் கிறிஸ்து வந்தபோது அவர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. அதனால் மற்ற ஜனங்களான புறஜாதியாருக்கு வாசல் திறந்தது. இதுவரை சரி. வேதத்தில் அப்போஸ்தலன் அதற்கு, முறிந்த கிளைகளின் இடத்தில் வேறு கிளை ஒட்டிய ஒலிவமரத்தை உதாரணம் சொல்கிறான்; மலையில் யாரும் ஒலிவமரத்தைப் பார்த்ததில்லை. பிரசங்கியார் சாமர்த்தியசாலி. பலாமரத்தையும் மிளகுக்கொடியையும் எடுத்தார்.

"பழைய கொடி பட்டுப்போச்சு! கடவுள் அதை அறுத்து எறிஞ்சிட்டார்! முந்தின ஜனத்தைத் தள்ளிவெச்சிட்டார்! இப்ப புதுக்கொடியை மரத்துல ஏத்தியிருக்கார். அந்தப் புதுக்கொடி யாரு? நீங்கதான்!"

அரியூர்க்காரர்கள் முகம் மலர்ந்தது. பெரியண்ணனின் சித்தப்பா மகன் ஒருவன், வாய்த்துடுக்கானவன், பின்னால் திரும்பி, "பழைய கொடி அங்க கதவோரமா உக்காந்திருக்குது பாரு" என்றான். சிரிப்பு எழுந்தது. எல்லோரும் சடையனைப் பார்த்தார்கள்.

சடையன் எழுந்தார். கோபமாக இல்லை. தெளிவாகக் கேட்டார்.

"ஏனுங்க ஐயா, ஒரு சந்தேகமுங்க. மொதல்ல கூப்புட்ட சனத்த அவரே தள்ளிவெச்சுட்டாருங்களா?"

"ஆமா. அவங்க மனசு கடினப்பட்டதால."

"அவங்க பொறகால திரும்பி வாரேன்னா?"

பிரசங்கியார் கையை வீசினார். "அவங்க காலம் முடிஞ்சுபோச்சு, பெரியவரே. இது உங்க காலம்."

"என்ற காலமில்லீங்க" என்றார் சடையன். பெரியண்ணன் பக்கம் தலையைக் காட்டினார். "அவங்க காலமுங்க." மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். வெள்ளையம்மாவும் எழுந்து பின்னால் போனாள்.

தம்பிகளே, பிரசங்கியார் செய்த பிழை என்ன என்று இப்போது பாருங்கள். சமவெளியில் அந்த வாக்கியத்தைச் சொன்னால் யாரும் அசையமாட்டார்கள். யூதர் ஒருவரையும் நாம் பார்த்ததில்லை. தூரத்து ஜனம், பழைய கதை. ஆனால் தள்ளிவைத்தல் என்றால் என்ன என்று உடம்பால் அறிந்த ஒருவர் அங்கே கதவோரம் இருந்தார். அவர் காதில் விழுந்தது: என் நாடு என்னைத் தள்ளியது, அப்போது கடவுள் என்னைச் சேர்த்துக்கொண்டார் என்று நினைத்தேன், கடவுளும் ஒரு நாட்டுக்கவுண்டர்தான் போலிருக்கிறது, புதுக்கூட்டம் வந்ததும் பழையவனைத் தள்ளுகிறார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகள் கழித்து, போர் முடிந்தபின், ஐரோப்பாவில் அந்த ஜனத்துக்கு நேர்ந்ததைச் செய்தித்தாளில் வரிவரியாகப் படித்தேன். செய்தவர்களில் பலர் சிறுவயதிலிருந்து தேவாலயத்துக்குப் போனவர்கள். அவர்களும் இப்படி ஒரு பிரசங்கத்தைக் கேட்டுத்தான் வளர்ந்திருப்பார்கள் என்று நினைத்தேன். அந்தப் பலாமரப் பிரசங்கம் அன்று முழுவதும் என் காதில் இருந்தது.

அந்த வாரம் எங்களுக்கு ஒரு செய்தி வந்தது. அரியூரில் ஓர் ஊரே சபைக்குப் போனதைப் பார்த்துக் குண்டூர் நாட்டுக் கவுண்டர்கள் கலங்கியிருந்தார்கள். சடையனைத் திரும்பச் சேர்க்கத் தயார் என்று சொல்லியனுப்பினார்கள். அபராதம் இல்லை, விருந்து வைக்க வேண்டாம், நாட்டுக்கூட்டத்துக்கு வந்து கும்பிட்டால் போதும். அதோடு ஒரு கவுண்டர் தம் தங்கை மகனுக்குச் சடையன் மகளை எடுத்துக்கொள்வதாகவும் சொல்லியிருந்தார். அந்தப் பெண்ணுக்கு முறைப்பையன் பெரியண்ணனின் மூத்த மகன். தள்ளிவைத்த வீட்டுப் பெண் வேண்டாம் என்று அவன் எப்போதோ வேறிடத்தில் கட்டிக்கொண்டுவிட்டான். பெண் கல்யாணம் ஆகாமல் வீட்டில் இருந்தாள். அந்தக் கூட்டம் அடுத்த ஞாயிறு, ஞானஸ்நானம் நடக்கிற அதே முற்பகலில்.

சனிக்கிழமை பெரிய உபதேசியாரும் நானும் சடையன் வீட்டுக்குப் போனோம். அவர் பலாமரத்தடியில் மிளகு உதிர்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"வாங்க. நாற்காலி இல்லீங்க, அக்கட்டால போயிருச்சு."

பெரிய உபதேசியார் தரையில் உட்கார்ந்தார். "நாளைக்குக் கூட்டத்துக்குப் போறயாமா?"

"போறேனுங்க."

"கும்புட்டுச் சேந்துக்குவியா?"

"என்ற புள்ளைக்கு ஒரு ஊடு வேணுமுல்லீங்க. நானென்ன தப்பாச் சொன்னேன்? உங்க சாமிக்குப் புதுக்கொடி கெடச்சிருச்சு. எனக்கும் பழைய நாடு கெடச்சிருச்சு. அவிங்களுக்கு அவிங்க, எனக்கு எங்காளுங்க."

வெள்ளையம்மா கதவண்டை நின்றபடி சொன்னாள்: "எங்கண்ணன் தண்ணியக் கீழ வெச்சானுங்க. அவன் வாசல்ல இப்ப துரை உக்காந்து காப்பி குடிக்கறாரு. நாங்க இத்தன வருசம் பட்டதுக்கு அவனுக்கு மணிங்களா?"

நான் அங்கே பத்திரிகைக்காரனாகத்தான் நின்றேன். பெரிய உபதேசியார் என்ன சொல்லித் தேற்றப்போகிறார் என்று பார்த்தேன். பொறாமை பாவம் என்பார், திராட்சைத் தோட்டத்தில் கடைசியில் வந்தவனுக்கும் அதே கூலி என்பார், பரலோகத்தில் பலன் உண்டு என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் பொடி போட்டுத் தும்மிவிட்டு, "எனக்கும் வவுறு எரியுது சடையா" என்றார்.

சடையன் அப்போதுதான் நிமிர்ந்தார்.

"இந்தச் சரிவுல ஏறி எறங்கி நான் கூட்டினது நாலு ஊடு. ஒரு நர்ஸம்மா வந்து மாத்திரை குடுத்தா, ஒரு ஊரே வந்திருச்சு. அதுல என்ற பேச்சுக்கு ஒண்ணும் வேலையில்ல. சேலத்து ஐயா வந்து கொரலக் காமிச்சிட்டுப் போறாரு. எரியாம இருக்குமா?"

"அப்ப நீங்களும் கூட்டத்துக்கு வாரீங்களா?" என்றார் சடையன். வெள்ளையம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"நெசத்தக் கேளு" என்றார் பெரிய உபதேசியார். "அந்த ஐயா சொன்னது தப்பு. தன்ற சனத்தக் கடவுள் தள்ளலை. அத எழுதின அப்போஸ்தலனே அந்தச் சனத்துல ஒருத்தன். தள்ளிட்டாரான்னு அவனே கேட்டு, இல்லவே இல்லைன்னு அவனே எழுதறான். சில கெளைங்க முறிஞ்சுது. மரத்த வெட்டலை. வேரு அதே வேரு. முறிஞ்ச கெளையத் திரும்ப ஒட்டவும் அவரால ஆகும்னு எழுதியிருக்குது. குடுத்தத அவர் திருப்பி வாங்கறதில்ல."

"அப்ப எதுக்குங்க மத்தவங்கள உள்ள உட்டாரு?"

"அவங்களும் வேணும்னுதான். இன்னொண்ணும் எழுதியிருக்குது. அதப் பாத்து மொதல்ல வந்தவங்களுக்கு வவுறு எரியட்டும்னு. எரிஞ்சு எந்திரிச்சு உள்ள வரட்டும்னு. வெளிய போறதுக்கில்ல."

சடையன் மிளகுக் கொத்து ஒன்றை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"பெரியண்ணனையும் தள்ளமாட்டாருங்களா?"

"மாட்டாரு."

"அதுதானுங்க எனக்கு ஆகலை" என்றார் சடையன்.

பெரிய உபதேசியார் எழுந்தார். வரச்சொல்லிக் கேட்கவில்லை. "நாளைக்கு எல்லாத்துக்கும் முன்னால அந்தப் பிரசங்கம் தப்புன்னு சொல்லப்போறேன். நீ இருந்தாலும் சொல்லுவேன், இல்லாட்டியும் சொல்லுவேன். அப்பறம் அரியூர் ஊடுங்களுக்கு நெருப்பு இங்கிருந்துதான் போகணும். அதையும் சொல்லுவேன்."

"அவங்கிட்டத் தீப்பெட்டி இருக்குதுங்க. சந்தையில வாங்கிட்டு வந்து எல்லாத்துக்கும் காமிச்சான்."

"பாக்கலாம்."

இறங்கி வரும்போது நான் கேட்டேன்: "ஐயா, வராவிட்டால்?"

"வராவிட்டால் வரவில்லை" என்றார். "கெஞ்சிக் கூட்டிக்கொண்டு வந்தால், அவன் நமக்காக வந்தவனாகிவிடுவான். அப்படி வந்தவனை நாளைக்கு எதைச் சொல்லி நிறுத்துவது?"

மறுநாள் காலை அரியூர் ஓடையில் ஞானஸ்நானம் நடந்தது. ஒருவர்பின் ஒருவராக இறங்கி நனைந்து கரையேறினார்கள். குளிரில் பற்கள் தட்டின. துரை நாற்காலியில், சேலத்துப் பிரசங்கியார் பக்கத்தில். சடையன் இல்லை. முடிந்ததும் பெரிய உபதேசியார் எழுந்து, போன வாரம் இங்கே சொல்லப்பட்ட உதாரணம் தவறு என்றார். சடையனிடம் சொன்னதையே சொன்னார், சத்தம் போடாமல். கடைசியில், "நாம் வேரைச் சுமக்கவில்லை. வேர்தான் நம்மைச் சுமக்கிறது. இந்த மலையில் உங்களுக்கு முன்னால் ஒரு வீடு சுமந்திருக்கிறது" என்றார்.

பிரசங்கியார் முகம் கறுத்தது. துரை தம் பூட்ஸ் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டிருந்த அரியூர்க்காரர்களுக்கும் இது பிடிக்கவில்லை. ஒரு வாரமாகப் புதுக்கொடியாக இருந்தவர்கள்.

பெரியண்ணன் எழுந்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "அப்ப நாங்க ரெண்டாம் பந்திங்களா?"

"ஆமா" என்றார் பெரிய உபதேசியார். "ஆனா சோறு அதே சோறுதான்."

சிலர் சிரித்தார்கள். பெரியண்ணன் சிரிக்கவில்லை. அடுத்தது நெருப்பு. காலையிலேயே எல்லா வீட்டிலும் அடுப்பை அணைத்துக் கழுவியாயிற்று. அரிசியும் சாமையும் களைந்து தயாராக இருந்தன. பெரியண்ணன் மடியிலிருந்து தீப்பெட்டியை எடுத்தான்.

"சடையன் ஊட்டுல இருந்து வரட்டும்" என்றார் பெரிய உபதேசியார்.

"அவங்கூட்டு நெருப்பு எனக்கெதுக்குங்க? அவரே நாட்டுக்கூட்டத்துக்குப் போயிட்டாரு. கடவுளு எனக்குத் தனியா நெருப்புத் தரமாட்டாரா?"

"தருவாரு. மூட்டிக்கோ. உன்னை யாரும் தடுக்கலை. நான் மட்டும் இன்னிக்கு உங்கூட்டுல சாப்புடமாட்டேன்." சொல்லிவிட்டு ஒரு பாறைமேல் போய் உட்கார்ந்துகொண்டார்.

பெரியண்ணன் தீப்பெட்டியைக் கையில் வைத்தபடி வாசலில் நின்றான். இரண்டு தடவை திறந்தான், மூடினான். அவனைச் சுற்றி ஊரே பசியோடு நின்றது. "அண்ணா, உரசு" என்றாள் ஒருத்தி. அவன் உரசவில்லை. ஏன் என்று பின்னால் கேட்டேன். "அன்னிக்கு என்ற தங்கச்சி நெருப்புத்தான் கேட்டா" என்றான்.

இனிச் சொல்வது சடையன் வாயால் நான் கேட்டது. அவர் குண்டூர்க் கூட்டத்துக்குப் போய்விட்டார். மேட்டில் கவுண்டர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண் எடுப்பதாகச் சொன்னவரும் இருந்தார். இவருக்குப் பாய் போட்டார்கள். அத்தனை வருஷத்துக்குப் பிறகு கையில் தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தார். கும்பிட எழுந்தபோது, பள்ளத்துக்கு அந்தப் பக்கம் கண் போனது. ஞானஸ்நானம் முடிந்திருக்க வேண்டிய நேரம். விருந்து வைக்கிற ஊர். ஒரு கூரையிலும் புகை இல்லை.

"அங்க என்ன எழவாட்டம் இருக்குது?" என்றாராம் ஒரு கவுண்டர்.

சடையனுக்கு உடனே புரிந்துவிட்டது. பெரியண்ணன் தீப்பெட்டி உரசவில்லை.

"எனக்கு அப்ப என்ன தோணுச்சு தெரியுங்களா?" என்றார் என்னிடம். "ஐயோ பாவம்னு தோணலீங்க. நல்லா நில்லுடான்னு தோணுச்சு. பட்டினியா நில்லு. கொஞ்ச நேரம் அதப் பாத்துட்டே நின்னேன். சொகமா இருந்துது. அப்பறம் வேற ஒரு பயம் வந்திருச்சு. நான் போகாட்டி அவன் எப்படியும் உரசிப்போடுவான். உரசிப்போட்டா அந்த ஊரு அடுப்பு பூரா அவன் நெருப்பாயிரும்."

கவுண்டர்களிடம் "வாரேனுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். வருகிறேன் என்றதால் திரும்பி வருவார் என்று அவர்கள் காத்திருந்தார்களாம்.

மறுபடி நான் கண்ணால் பார்த்தது. வெயில் உச்சிக்கு வந்தபின், வயல் வரப்பில் இரண்டு பேர் வருவது தெரிந்தது. முன்னால் வெள்ளையம்மா, தலையில் சும்மாட்டின்மேல் சட்டி. பின்னால் சடையன். ஊர் முழுவதும் எழுந்து நின்றது. வெள்ளையம்மா நேரே அண்ணன் வாசலுக்கு வந்தாள். சட்டியை இறக்கினாள். பெரியண்ணன் இரு கையையும் நீட்டினான். அவள் கையில் கொடுக்கவில்லை. வாசலில், கீழே வைத்துவிட்டுப் பின்னால் தள்ளி நின்றாள்.

"எடுத்துக்கண்ணா."

அது எந்த இடம் என்று அவனுக்குத் தெரியும். குனிந்தான். குனிந்தவன் நிமிர நேரமாயிற்று. சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் அடுப்பில் கொட்டினான். சாம்பலுக்கு நடுவே கங்கு கறுத்துக்கொண்டிருந்தது. ஊதினான். சாம்பல்தான் பறந்தது.

சடையனுக்குப் பொறுக்கவில்லை. வாசலில் நின்றவர் உள்ளே பாய்ந்தார். "நகரு மச்சா, நீ ஊதினா செத்தே போயிரும். பன்னி மாதிரி ஊதாத, மெதுவா."

"எனக்குத் தெரியாதா, மாப்ள? என்ற ஊட்டு அடுப்பு."

"நெருப்பு என்றது."

இருவரும் நெற்றி முட்ட அடுப்பில் குனிந்து போட்டிபோட்டுக்கொண்டு ஊதினார்கள். கண்ணில் நீர் வழிந்தது. புகைதான் காரணம் என்று எழுதிக்கொள்ளுங்கள். சுள்ளி பற்றியது. அங்கிருந்து மற்ற வீடுகளுக்குப் போனது. பந்தியில் முதல் இலையில் சடையன் யாரும் சொல்லாமல் போய் உட்கார்ந்தார். பெரியண்ணன் பரிமாறினான். தமக்கு வைத்த பலாக்கொட்டைக் குழம்பையும் அடுத்த இலைக் குழம்பையும் சடையன் ஓரக்கண்ணால் ஒப்பிட்டுக்கொண்டதை நான் பார்த்தேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். குண்டூர் நாடு சடையனை மறுபடி சேர்க்கவில்லை. பேசியிருந்த மாப்பிள்ளை அன்றோடு கைவிட்டுப் போனான். வெள்ளையம்மா அதைச் சொல்லி வெகுகாலம் கணவரைக் குத்தினாள். பெண் பின்னால் ராசிபுரத்தில் எங்கள் பள்ளி வாத்தியார் ஒருவரைக் கட்டினாள். தண்டவாளத் துண்டு அரியூரிலேயே இருந்தது. பெரிய உபதேசியாருக்குச் சமவெளியில் வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. ஓடைக்கரையில் பேசியதுதான் காரணமா என்றால், நான் சொல்லமாட்டேன், கண்ணால் பார்க்கவில்லை.

நீங்கள் மலையில் இஸ்ரவேலரைப் பற்றிப் பிரசங்கிக்கத்தான் போகிறீர்கள். அது விட முடியாத விஷயம். பேசுமுன் கதவோரம் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று ஒரு தடவை பாருங்கள். முதலில் அழைக்கப்பட்டவரைக் கடவுள் கைவிட்டார் என்று சொல்லி ஒருவரைச் சேர்த்தால், அவரும் ஒருநாள் கதவோரம் போகும்போது உங்கள் வாக்கியம் அவர் நினைவுக்கு வரும். பொறாமைப்படுகிறவரிடம் பொறாமைப்படாதே என்று சொல்லாதீர்கள். அவர் இன்னும் அந்த வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதற்கு அதுதான் சாட்சி. அவரே கொடுக்க வேண்டியது, அவருக்கு உரியது என்ன என்று பார்த்து, அதை அவரிடம் போய்க் கேளுங்கள்.

மலையை விட்டு இறங்குமுன் சடையனிடம் விடைபெறப் போனேன். வயதாகிவிட்டது, மரத்தடியில் பாயில் இருந்தார். பள்ளத்துக்கு அப்பால் பெரியண்ணனின் ஊரில் மாலைச் சமையலுக்குப் புகை எழுந்துகொண்டிருந்தது. மச்சானை மன்னித்துவிட்டீர்களா என்று கேட்டேன்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது சாமி" என்றார். "அக்கட்டால பொகை வாரப்பெல்லாம், என்ற நெருப்புன்னு நெனச்சுக்குவேன். கொஞ்சம் ஆத்தலா இருக்கும்."